நீல மூடி பாட்டில்

"தகரத்துக்குப் பூசுறதை விதைக்குப் பூசச் சொல்றியா? உனக்கென்ன புத்தி பிசகிடுச்சா?"

மகள் நீட்டிய பாட்டிலை நாற்றுக்காரர் தொடக்கூட இல்லை.

"பூசுறது இல்லப்பா, விதையை ஊற வைக்கிறது. துத்தநாகம்தான். ஆனா கண்ணுக்கே தெரியாத பொடி, நானோன்னு பேரு. விதைத் தோலுக்குள்ள நுழைஞ்சு முளையைத் தட்டி எழுப்பிடும்."

"கண்ணுக்குத் தெரியாததை வச்சுத்தாம்மா எல்லாப் பயலும் ஊரை ஏமாத்துறான்."

விதை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவளிடம் இந்தப் பேச்செல்லாம் எடுபடுமா? நீல மூடி போட்ட பாட்டிலை மேசைமேல் நங்கென்று வைத்தாள்.

"ரெண்டு தடவை போட்ட தக்காளி விதை பாதிகூட முளைக்கல. இந்தத் தடவையும் ஊத்திக்கிட்டா நம்மகிட்ட நாத்து வாங்குற அந்தப் பெரிய பண்ணைக்காரர் வேற இடம் பாத்துக்குவார். அப்புறம் நிழல்வலையைச் சுருட்டிட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான். ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு மூடி போதும். கூடினா வேர் கருகிடும்."

"பாத்தியா, விஷம்னு நீயே சொல்லிட்டே!"

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும்தான் நஞ்சு." கொட்டகைக்குப் பின்னால் போய்க் கைகழுவி வந்தவள், ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் நாற்றுக்காரர் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தார். பின்பக்கம் போய், சிமெண்டுத் தொட்டியில் சொம்பை விட்டு மொண்டு மடமடவென்று குடித்தார். குடிக்கச் சொல்லி மகள் கேன் கேனாக அனுப்புகிற தண்ணீரில் அவர் கால் கழுவுவதோடு சரி. எவனோ அடைத்து விற்பதை எவன் நம்புவான்? விதையையும் தொட்டித் தண்ணீரிலேயே ஊறப்போட்டார். பிறகு நாற்றுக்கும் அதையே ஊற்றினார்.

முண்டியடித்துக்கொண்டு முளைத்தன. குழித்தட்டில் ஒரு குழிகூடக் காலியில்லை. தண்டு ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று நின்றது. பண்ணைக்காரர் வந்து பார்த்தார். அடுத்த தடவைக்கும் இங்கேயே நாற்று வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் ஞாயிறு தவறாமல் வந்தாள். நாற்றைப் பார்ப்பாள், சிரிப்பாள், பின்பக்கம் போய்க் கைகழுவிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் பெருமைப்படப் பெருமைப்பட இவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

நாற்றுக் கொட்டகையில் இப்படி என்றால் வீட்டில் ரகளை. எதை வாயில் வைத்தாலும் விளங்கவில்லை.

"என்னத்தடி சமைச்சே? செல்லாக்காசைச் சப்பின மாதிரி இருக்கு!" தட்டைத் தள்ளினார். வயிறு வேறு புரட்டியது.

"முப்பது வருஷமா இனிச்ச கை இப்பத்தான் கசக்குதாக்கும்? துருப்பிடிச்சது என் கை இல்ல, உங்க நாக்கு!"

வார்த்தை தடித்தது. மனைவி துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஓட்டலில் சாப்பிட்டுப் பார்த்தார். அங்கேயும் அதே செல்லாக்காசு. 'சமைக்கிற ஜாதியே கெட்டுப்போச்சு' என்று முடிவுகட்டினார்.

நாற்றெல்லாம் வண்டியேறிய அன்று மகள் துள்ளிக்கொண்டு வந்தாள். "இப்பவாவது ஒத்துக்குங்கப்பா, எங்க மருந்து எப்படி?"

அவரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. அவளைத் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"உன் மருந்து அன்னிக்கே சாக்கடைக்குப் போயிடுச்சும்மா! அத்தனை நாத்தும் வெறும் தண்ணியில வந்தது. இந்தா, இதே தண்ணி! தினமும் நான் குடிக்கிற தண்ணி!" சொம்பு நிறைய மொண்டு, அண்ணாந்து, கடகடவென்று இறக்கினார்.

மகள் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

"ஐயோ அப்பா! துப்புங்க! துப்புங்கப்பா!" பாய்ந்து சொம்பைத் தட்டிவிட்டாள்.

"என்னடி, பேயடிச்சிடுச்சா?"

"பாட்டில்ல இருந்ததுதாம்பா வெறும் தண்ணி! நீங்க கொட்டிடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? நெசமான மருந்தை வாராவாரம் இந்தத் தொட்டியிலதான் கலந்தேன். குடிக்கத்தான் கேன் அனுப்புறோமேன்னு..." அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "கிளம்புங்க, டாக்டர்கிட்டப் போகலாம்."

நாற்றுக்காரர் அசையவில்லை. உருண்டுபோன சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றவர், மெல்ல வாயைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். அதே செல்லாக்காசு.

"அப்போ... உங்கம்மா சமையல்ல ஒரு குறையும் இல்லையா?"