பூங்காவனத்தின் பின்னங்கால்

"வாசல்ல நிக்கிறவளுக்கு மூக்கு இருந்தாப் போதுமாம், காரணமே வேண்டாமாம்" என்று ஒரு தேனீ இன்னொரு தேனீயிடம் முணுமுணுத்தது, பூத் தேடிப் போய்த் திரும்பிப் பறந்து வந்த தேனீ பூங்காவனத்தின் காதிலும் விழுந்தது. அவள் நிற்கவில்லை. அவ்வளவு பெரிய சேதி கொண்டு வந்திருந்தாள்.

கூட்டு வாசலில் காவல் தேனீ வேலம்மா அவளுடைய பின்னங்காலைக் கவ்விப் பிடித்தாள்.

"எங்கடி ஓடுற? உன் மேல நம்ம கூட்டு வாசனையே இல்லையே!"

"அக்கா, ஆத்துக்கு அந்தப் பக்கம் புங்கமரம் பூத்திருக்கு! மரம் முழுக்கப் பூ! அந்த வாசனைதான் இது. உள்ளே போய் ஆடிக் காட்டினாத்தான் எல்லாருக்கும் வழி தெரியும், விடுங்க!"

"குளவி வந்து போனதிலேர்ந்து புது உத்தரவு. வேத்து வாசனை அடிச்சா, அது போற வரைக்கும் பிடிச்சு வைக்கலாம்."

"நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"அது தெரியத்தானே பிடிச்சு வச்சிருக்கேன்!"

மேற்கே இடி இடித்தது. மழை விழுந்தால் அத்தனை பூவும் உதிர்ந்துவிடும். கூட்டுக்குள் தேன் அறைகள் காலியாகக் கிடந்தன. புழுக்கள் பசியில் நெளிந்தன.

"குளவி உங்க தங்கச்சியைத் தூக்கிட்டுப் போனது எனக்கும் தெரியும்க்கா. சந்தேகப்படுங்க, வேண்டாங்கலை. ஆனா ஒரு கால்தானே உங்ககிட்ட இருக்கு?"

மீதி ஐந்து கால்களாலும் பூங்காவனம் வாசலிலேயே ஆடத் தொடங்கினாள். இழுபட்டு இழுபட்டுச் சுற்றினாள். கூடே வாசலுக்கு ஓடி வந்தது.

வேலம்மா வானத்தைப் பார்த்தாள். ஆட்டத்தைப் பார்த்தாள்.

"யாராவது ஒருத்தி வாசலைப் பாத்துக்கோங்கடி" என்றாள். காலை விட்டாள். கொடுக்கை நீட்டியபடியே பூங்காவனத்துக்குப் பின்னால் ஆற்றை நோக்கிப் பறந்தாள்.