இரண்டும் இடது கை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அடையாற்றங்கரை வீட்டின் ஒற்றை ஜன்னலை அடைத்துக்கொண்டு ஷீலாவின் தையல் மிஷின் நிற்கிறது. வீட்டில் எல்லாருக்கும் தைத்து முடித்து, மகளின் பாவாடைக்குப் போக மிஞ்சிய மெரூன் துணியில் இன்றுதான் தனக்கென்று ஒரு ஜாக்கெட்டை ஆசையாக ஆரம்பித்தாள். மடித்து வெட்டத் துணி போதவில்லை. கைகளைத் தனித்தனியாக வெட்டியவள் இரண்டாவதைத் திருப்பிப் போட்டு வெட்ட மறந்துவிட்டாள். இரண்டுமே இடது கை. ஒன்றைத் தைத்தாயிற்று. மற்றதை வலது தோளுக்குத் திருப்பினால் துணியின் வெளுத்த உள்பக்கம் வெளியே வந்து பல்லை இளிக்கிறது. மடியில் கிடக்கும் துண்டுகளைக் கிளறுகிறாள். உள்ளங்கையை விடப் பெரிதாக ஒன்றுமில்லை. "எனக்குன்னு தெச்சாத்தான் இப்பிடி ஆவும்!" மிஷின் பலகையில் ஓங்கி ஒரு தட்டு. கத்தரிக்கோல் துள்ளி விழுகிறது. எழுந்து, நைட்டியின் மேலேயே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, டிவியில் கிரிக்கெட் பார்க்கும் புருஷன் அசோகனின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். "யோவ், இத்த கொஞ்சம் பாரேன். இன்னா பண்றதுன்னே தெரியல." டிவியில் கைதட்டல். அவன் தலை திரும்பவில்லை. "சோக்கா கீதும்மே. அப்பிடியே போட்டுக்கோ." ஒற்றைக் கை ஜாக்கெட்டோடு அவள் அவன் பிடரியையே பார்க்கிறாள். பொங்கலுக்கு அவள் தைத்துக் கொடுத்த நீலச் சட்டையின் காலர், ஒரு சுருக்கம்கூட இல்லாமல், அந்தத் திரும்பாத கழுத்தில் அத்தனை அழகாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது.