பொழிச்சலூரில் ஒரு டம்ளர் டீ

கிபாயத்துல்லாவின் தலையை மழித்து, எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, கையை நடுங்கவைத்த மூளைப் புள்ளியைப் படத்தில் பார்த்துப் பார்த்து ஒலி அலைகளாலேயே சுட்டார்கள். கத்தி படவில்லை.

பல வருடமாக மனைவி நூர் பீவி புகட்டிய டீயை, மறுநாள் பொழிச்சலூர் வீட்டில் அவரே சொட்டுச் சிந்தாமல் குடித்தார். நூர் பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வழக்கம்போல ஒரு விமானம் மொட்டைமாடியை உரசுவதுபோலப் போனது. ஜன்னல் அதிர்ந்தது. அலமாரியில் பாத்திரங்கள் கலகலத்தன. கிபாயத்துல்லா விளையாட்டாக அந்தக் கையைச் சுவரில் வைத்தார். எல்லாம் அடங்கியது.

"ஏங்க, கைய மட்டுந்தானே சரி பண்ணாங்க?"

"வூட்டையும் சேத்தே பண்ணிட்டாங்க போல," என்று சிரித்தார்.

நூர் பீவியும் சிரித்தபடி தன் டம்ளரை எடுத்தார். விமானம் அதிர்ந்தபோது டீயின் மேல் எழுந்த வட்ட அலைகள், எழுந்தபடியே அசையாமல் உறைந்து நின்றிருந்தன.