வயது வந்தோருக்கு மட்டும்

"அண்ணா, எழுந்திரு! பயமா இருக்கு."

"கரப்பான் பூச்சியா?"

"இல்லண்ணா, அம்மா!" தங்கை அவன் போர்வையை இழுத்தாள். "நாம தூங்கினதும் தினமும் லேப்டாப்பைத் திறக்குறாங்க. இப்ப எட்டிப் பார்த்தேன். சாட் ரூம் பட்டியல்ணா. முக்கால்வாசி வயது வந்தோருக்கு மட்டும். பேரே அசிங்கம். ஒவ்வொண்ணா திறந்து பாக்குறாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்!"

அண்ணன் போர்வையை உதறிவிட்டு ஹாலுக்கு ஓடினான். பின்னாலேயே தங்கை.

"என்னம்மா இதெல்லாம்?"

அம்மா லேப்டாப்பைச் சட்டென்று மூடினாள். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, மெல்லத் திறந்தாள்.

"டைப்பிங் வேலைன்னு உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். இதைப் பாக்கத்தான்டி எனக்குச் சம்பளம். எந்த ரூம் ஆபாசம்னு பாத்துப் பாத்துக் குறிச்சுக் கொடுத்தேன். அதை வச்சு, அந்த ரூம்களைத் தானா மறைக்க ஃபில்டர் கத்துக்கிச்சு. இன்னையோட வேலை முடிஞ்சுது. வா, ஃபில்டர் பட்டனை நீயே அமுக்கு."

தங்கை பட்டனை அமுக்கினாள். பட்டியல் மளமளவென்று சுருங்கியது. செஸ், பூனை வளர்ப்பு, பத்தாம் வகுப்புக் கணக்கு என்று நல்ல அறைகள் மட்டும் மிஞ்சின.

"எல்லாம் போயிடுச்சாம்மா?"

"போயே போச்சு! இனிமே உன் வயசுப் பிள்ளைங்க யாரும் அந்தக் கண்றாவியைப் பாக்க வேணாம்." அம்மா கைகளை உயர்த்திச் சோம்பல் முறித்தாள். "நானும்தான்!"