கை நுழையும் குடம்

திருடுவது என்று பொன்னுலிங்கம் முடிவு செய்துவிட்டார்.

குழித்துறைச் சந்தைக்குள் வசூல் குடம் வந்துகொண்டிருந்தது. போன மாத வெள்ளத்தில் குடிசை இழந்தவர்களுக்காக. சுமந்து வந்தவர் தையல்காரர் தாணப்பன். குடத்தின் வாயைச் சிவப்புத் துணியால் மூடி, நடுவில் கை நுழையும் அளவுக்குத் திறப்பு விட்டு, காசு சிந்தாமலிருக்கச் சுருக்குக் கயிறும் கோர்த்துத் தைத்திருந்தார். மூடிய கையை உள்ளே விட வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது.

தெரியாது என்பதைத்தான் பொன்னுலிங்கம் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார்.

எந்த வசூல் வந்தாலும் முதல் கை அவருடையது. ஜவுளிக்கடைக்காரர் என்றால் சும்மாவா? கிட்டங்கியில் இருந்த துணி மூட்டை அத்தனையும் வெள்ளத்தில் நாசமானதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. வீட்டில் மகள் ஓமனா விஷக்காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். நாகர்கோவிலில் புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறது, இன்றைக்குள் வாங்கி வராவிட்டால் என்னால் ஆகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மூன்று மணிக்கு பஸ்.

"அண்ணாச்சி, கையை விடும்!"

தாணப்பன் குடத்தை நீட்டினார். பொன்னுலிங்கத்தின் வெறுங்கை உள்ளே போனது. அணாவோடு செல்லாத பழைய சக்கரக் காசையும் சில புண்ணியவான்கள் போட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கிளறினார். நன்றாகவே கிலுங்கியது.

"அண்ணாச்சி போட்டா அந்தச் சத்தமே வேற!" என்றார் எதிர்க்கடை நாராயணபெருமாள்.

விரலில் நோட்டுகள் அகப்பட்டன. சுருட்டிப் பிடித்து இழுத்தார்.

கை வரவில்லை. சுருக்குக் கயிறு மணிக்கட்டில் இறுகிக்கொண்டது.

நோட்டை விட்டால் பிள்ளை போய்விடும். விடாவிட்டால் மானம் போய்விடும். போனால் போகட்டும் மானம் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"என்ன ஓய், கையைக் குடம் விடமாட்டேங்கு?" நாராயணபெருமாள் கடையை விட்டே இறங்கிவிட்டார்.

தாணப்பன் ஒரு விரலால் கயிற்றைத் தளர்த்தினார். வெளியே வந்த கை நேராக வேட்டி மடிக்குப் போனது.

"அண்ணாச்சி போட்டாச்சு!" என்று கூவிவிட்டுத் தாணப்பன் அடுத்த கடைக்கு நகர்ந்தார்.

கடையை எப்படி அடைத்தார் என்று பொன்னுலிங்கத்துக்கே தெரியாது. பஸ் நிற்கும் இடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம்.

"நில்லும் அண்ணாச்சி!"

தாணப்பன். தனியாக. இடுப்பில் குடம்.

பொன்னுலிங்கம் நின்றுவிட்டார். நோட்டுகளை மடியிலிருந்து உருவி நீட்டினார்.

"இன்னா, எடுத்துக்கோ. பிள்ளைக்குத் தீரே வய்யாம கெடக்கு, நாகர்கோயில்ல மருந்து வாங்கணும், அதான்... வெளிய சொல்லிராத தாணப்பா. உன் கால்ல விழுகேன்."

தாணப்பன் நோட்டுகளைப் பார்த்தார். எல்லாம் ஒற்றை ரூபாய்.

"இது பஸ்ஸுக்கும் மருந்துக்கும் தெகையாதே" என்று குடத்தை நீட்டினார். "இன்னொருக்கா கையை விடும்."

"இது குடிசைக்காரங்களுக்குள்ள பணமாச்சே..."

"வெள்ளம் குடிசையில மட்டுமா கேறிச்சு? ஒரு மாசமா உம்ம கடையிலயிருந்து ஒரு துணி என் மிஷினுக்கு வரல்லியே. எனக்குத் தெரியாதா?"

பொன்னுலிங்கத்தின் கண் நிறைந்துவிட்டது. "களவுன்னு தெரிஞ்சுமா கயித்த விட்டுத் தந்த?"

தாணப்பன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காசு போடதுக்கு ஒரு கீறல் போரும் அண்ணாச்சி. கை நொழையத்தக்க நான் தச்சது, கேக்க முடியாதவங்க எடுக்கதுக்குத்தான்."