மில் தீயும் ஒன்பதாம் வகுப்பும்

மத்தியான வெயில் பெஞ்சுகள்மேல் சோம்பிக் கிடக்கிறது. பாடத்தில் வரும் பழைய மில் தீ விபத்தில் சிக்கிய ஒருவராக மாறி எழுதச் சொல்லியிருக்கிறார் வரலாற்று டீச்சர். முதலாளியின் தொப்பையைப் பற்றி ஒருவன் எழுதியதற்கு எழுந்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. கடைசி பெஞ்சுக்காரி எழுந்து வாசிக்கிறாள். “புகையில கண்ணு எரியுது. கதவை வெளியே பூட்டியிருக்காங்க.” டீச்சரின் விரல்களுக்கிடையே உருண்டுகொண்டிருந்த சாக்பீஸ் நின்றுவிடுகிறது. “பூட்டினது பாடத்துலயே இல்லையேம்மா. உனக்கு யாரு சொன்னா?” அவள் தாளைப் பார்க்கவில்லை, மேஜைமேல் கிடக்கும் சாவிக்கொத்தைப் பார்க்கிறாள். “அன்னைக்கும் சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு, டீச்சர்.” மணி அடிக்கிறது. கதவு விரியத் திறந்தே கிடக்கிறது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முதல் பெஞ்சில் ஒருவன் இருமுகிறான். பிறகு பக்கத்தில் இருப்பவன். பிறகு வகுப்பு முழுவதும் இருமுகிறது, டீச்சரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.