மகள் மாதிரி ஒருத்தி

மார்ச் 11, செவ்வாய், பகல் பதினொன்றரை மணி, மனநல வார்டு, ஏழாம் கட்டில். பஸ் டிரைவர் வாயை இறுக்கி மூடியிருக்கிறார். மகள் நீட்டும் மாத்திரை வேண்டாமாம். "அச்சு அசல் என் பொண்ணு மாதிரியே இருக்கே. ஆனா நீ அவ இல்ல." விபத்தில் அடிபட்ட மூளையில், முகத்தை அறியும் இடத்துக்கும் பாசம் ஊறும் இடத்துக்கும் தொடர்பு அறுந்துவிட்டது, குரலின் வழி மட்டும் மிச்சம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மகள் வராந்தாவுக்குப் போய் அப்பாவுக்குப் போன் செய்கிறாள். கட்டிலில், ஜன்னல் வெயில் விழுந்த அவர் முகம் மலர்கிறது. "எங்கடி போய்த் தொலைஞ்சே? இங்க ஒருத்தி உன் தோட்டையே போட்டுக்கிட்டு வந்து உக்காந்திருக்கா." "நல்லவதாம்ப்பா. அவ குடுக்கிறதைப் போட்டுக்குங்க." "நீ சொன்னா சரி, கண்ணு." போனை அணைத்துவிட்டு உள்ளே வருகிறாள். அவர் கை நீட்டி வாங்கி விழுங்குகிறார். "வீட்டுக்குப் போம்மா. உங்கப்பா தேடுவார்." அடுத்த மாத்திரை மாலை ஆறு மணிக்கு.